அரைப்புள்ளியை எடுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் அரைப்புள்ளியை (;) பற்றி எழுதியிருந்தார். அது ஆங்கிலேயர் விட்டுவிட்டுப் போன சரக்கு, தமிழுக்குக் கால்புள்ளியும் முற்றுப்புள்ளியுமே போதும், எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியாத ஒரு குறியைப் பத்திரிகைகள் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், அடியோடு விட்டுவிடலாமே என்பது அவர் கட்சி. கோபமாக எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதியிருந்தார். இருந்தாலும் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நான் 34 வருடமாகப் புரூஃப் பார்த்துப் பிழைக்கிறவள். முதல் 6 வருடம் மதுரையில் ஓர் அச்சகத்தில், அப்புறம் குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே. இந்தக் குறியை எத்தனை முறை போட்டிருப்பேன், எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. உண்மையைச் சொன்னால் போட்டதைவிட அடித்ததுதான் அதிகம். அதனால் அன்பர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பத்திரிகையிலேயே இருக்கிற ஓர் இடத்தைக் காட்டுகிறேன். உள்ளூர்ப் பக்கத்தின் கீழ் மூலையில் 'நாளை மின்தடை' என்று ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதுதான். எங்கள் தெருவில் பேப்பரைப் பிரித்ததும் பாதிப் பேர் முதலில் தேடுவது அதைத்தான், ஏனென்றால் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் ஏற்றுவது, மாவு அரைப்பது, செல்போனுக்குச் சார்ஜ் போடுவது எல்லாவற்றையும் முந்தின நாளே முடித்துவைத்தாக வேண்டும். போன மாதம் அதில் இப்படி இருந்தது: "காந்தி நகர், 1, 2, 3ஆம் தெருக்கள், பாரதி நகர், கிழக்குப் பகுதி, நேதாஜி நகர், ரயிலடி." எங்கள் வீடு பாரதி நகர் 2ஆம் தெருவில், மேற்குப் பக்கம். நான் இதைக் காந்தி நகரின் மூன்று தெருக்கள், பாரதி நகரின் கிழக்குப் பகுதி என்று சேர்த்துப் படித்துவிட்டு நமக்கு இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். எதிர்வீட்டு அக்கா அதையே காந்தி நகர் முழுவதும், பாரதி நகரில் மூன்று தெருக்கள், நேதாஜி நகரின் கிழக்குப் பகுதி என்று படித்திருக்கிறார். காலை 9 மணிக்கு என் கிரைண்டர் உளுந்தைப் பாதி அரைத்த நிலையில் நின்றது. அவர் படித்ததுதான் சரி.

இதில் யார் மேலும் குற்றமில்லை. வந்த தகவலை வந்தபடி போட்டிருப்பீர்கள். ஆனால் அதே வரியை இப்படிப் போட்டிருந்தால்: "காந்தி நகர்; 1, 2, 3ஆம் தெருக்கள், பாரதி நகர்; கிழக்குப் பகுதி, நேதாஜி நகர்; ரயிலடி." ஓர் எழுத்துகூட மாறவில்லை. மூன்று கால்புள்ளியின் தலையில் மூன்று புள்ளி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான், இப்போது யாரும் தப்பாகப் படிக்க முடியாது. பட்டியலில் ஒவ்வோர் உருப்படிக்கு உள்ளேயும் ஏற்கெனவே கால்புள்ளி இருக்கும்போது உருப்படிகளைப் பிரிப்பதற்கும் கால்புள்ளியையே போட்டால் வயலுக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். நீதி என்று தொடங்கி அது சமூக, பொருளாதார, அரசியல் நீதி என்று கால்புள்ளியால் விரித்து, அந்தக் கூறு முடிந்த இடத்தில் அரைப்புள்ளி, அடுத்து சுதந்திரம், அதன் வகைகள், முடிவில் அரைப்புள்ளி, அடுத்து சமத்துவம். நாட்டின் தலையாய ஆவணத்தின் முதல் பக்கமே இந்தக் குறியின் தோளில்தான் நிற்கிறது.

சரி, பட்டியலில் போடுவதை அந்த அன்பரும் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். உண்மையான வழக்கு இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இதைப் போடலாமா கூடாதா என்பதில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடைய பால்ய கால நினைவுகள் புத்தகமாக வர இருந்தது, புரூஃப் எனக்கு வந்தது. கூடவே பதிப்பகத்திலிருந்து ஒரு குறிப்பு: "அரைப்புள்ளி எல்லாவற்றையும் முற்றுப்புள்ளியாக்கிவிடவும், இப்போது யாரும் படிப்பதில்லை." கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலைதான், தேடி மாற்று என்று கொடுத்தால் போதும், 200 பக்கமும் ஒரே மூச்சில் மாறிவிடும். ஆனால் எனக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றித்தான் பழக்கம். நாற்பது ஐம்பது மாற்றிய பிறகு ஒரு வரியில் கை நின்றுவிட்டது. "அப்பா வந்தார்; அம்மா எழுந்து உள்ளே போனாள்."

இதை முற்றுப்புள்ளி வைத்து எழுதிப் பார்த்தேன். "அப்பா வந்தார். அம்மா எழுந்து உள்ளே போனாள்." வீட்டில் நடந்த இரண்டு விஷயம். அவர் வந்தார், இவள் போனாள், காபி போடப் போயிருப்பாள். கால்புள்ளி வைத்தால் அடுக்கிக்கொண்டே போவது போல இருக்கிறது, தம்பி அழுதான், நாய் குரைத்தது என்று இன்னும் வரும் என்று மனசு காத்திருக்கிறது. "அப்பா வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போனாள்" என்றால் நேரம் தெரிந்துவிடுகிறது. "அப்பா வந்ததால்" என்றால் காரணம் தெரிந்துவிடுகிறது, தீர்ப்பே சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அரைப்புள்ளியோடு படிக்கும்போது மட்டும்தான் அந்த வீட்டுக் கூடத்தில் நாம் ஒரு குழந்தையாக உட்கார்ந்திருக்கிறோம். அப்பா வந்ததற்கும் அம்மா போனதற்கும் என்னவோ சம்பந்தம் இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரிகிறது, ஆனால் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. பயமா, கோபமா, மரியாதையா, வெறும் பழக்கமா? கேட்டால் அடி விழும் என்பது மட்டும் தெரியும்.

அந்த ஆசிரியைக்குப் போன் செய்து கேட்டேன், இந்த இடத்தில் மட்டும் அரைப்புள்ளியை வைத்துக்கொள்ளட்டுமா என்று. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதை எடுத்தால் அந்தப் பத்தியையே எடுத்துவிடு பாப்பா" என்றார். அதன் பிறகு அந்த 200 பக்கத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். மாற்றியதில் முக்கால்வாசி மாற்றியபடியே இருக்கலாம், நஷ்டமில்லை. பதினோர் இடத்தில் திரும்ப வைத்தேன், பதிப்பகத்துக்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அனுப்பினேன். பதினொன்றும் அப்படியே அச்சாயின.

ஆக என் அனுபவத்தில் நான் கண்டது இதுதான். இரண்டு வாக்கியமும் தனித்தனியே முழுசாக இருக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது பாதியாகத் தோன்ற வேண்டும், நடுவில் உள்ள உறவை எழுதுகிறவர் வேண்டுமென்றே பெயர் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிய இடத்தில் அரைப்புள்ளிக்கு மாற்றே கிடையாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேண்டாம், தாராளமாக எடுத்துவிடலாம்.

தமிழில் இந்த இடம் ஆங்கிலத்தைவிடக் குறைவாகத்தான் வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் என்று யோசித்திருக்கிறேன். நம் மொழியில் வாக்கியம் முடிந்ததை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. 'வந்தார்கள்' என்று சொன்ன மாத்திரத்தில் ஆள், எண்ணிக்கை, காலம் எல்லாம் அதற்குள் அடங்கிக் கதவு சாத்திக்கொள்கிறது, முற்றுப்புள்ளி வைக்காவிட்டாலும் முடிந்தது முடிந்ததுதான். முடிக்க மனசில்லையென்றால் வந்து, வர, வந்தால், வந்தும், வந்ததும், வந்தபோது என்று எத்தனை விதமாக வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை அருகருகே வைக்கத் தோன்றும் பல இடங்களில் நமக்கு ஒரு வினையெச்சமே வேலையை முடித்துக் கொடுத்துவிடும். 'கடைக்குப் போனான்; காய் வாங்கினான்; வீடு திரும்பினான்' என்று பள்ளிப் பாடத்தில் உதாரணம் காட்டுவார்கள், எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. 'கடைக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லும். இந்த உதாரணத்தைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அரைப்புள்ளி வேண்டாத சுமையாகத்தான் தெரியும், அந்த அன்பருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் போலிருக்கிறது.

ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு வினையெச்சமும் ஓர் உறவுக்குப் பெயர் வைத்துவிடுகிறது. 'வந்தால்' என்றால் நிபந்தனை. 'வந்தும்' என்றால் வந்து பயனில்லை. 'வந்ததும்' என்றால் உடனே. பெயர் வைக்காமல் இரண்டை ஒட்டி நிறுத்த, எச்சத்தில் வழியில்லை. பேச்சில் அதற்கு ஓர் இழுவை, ஒரு பார்வை, அரை விநாடி மௌனம் இருக்கிறது. எழுத்தில் அந்த அரை விநாடிக்கு நம்மிடம் இருப்பது இந்த ஒரே குறி.

அரை என்ற பெயரே எனக்குப் பிடிக்கும். கால், அரை, முக்கால், முற்று என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது படியளக்கிற கணக்கில். எங்கள் பள்ளியில் வாய்விட்டுப் படிக்கும்போது கால்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்கால்புள்ளிக்கு (:) மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று மனசுக்குள் எண்ணச் சொல்லுவார் தமிழையா. இலக்கண வகுப்பில் மாத்திரைக்கு ஒரு பழைய சூத்திரம் வரும்: "உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே." விரலைச் சொடுக்குவதற்கு நினைப்பது கால் மாத்திரை, இரண்டு விரலையும் ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், சொடுக்கி விடுவது ஒன்று. ஒரு கைநொடியையே நாலாகப் பிரித்து அளந்த மொழி இது. வாக்கியத்தின் நடுவில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாலாகப் பிரித்தால் அது நமக்கு அந்நியமாகுமா?

அந்நியம் என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். அரைப்புள்ளி ஆங்கிலேயர் சொத்து இல்லை. 1490களில் வெனிஸ் நகரத்தில் பிறந்தது. ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகக்காரர் 1496இல் பியட்ரோ பெம்போ என்ற இளைஞர் எழுதிய ஒரு சின்ன லத்தீன் நூலை வெளியிட்டார், எட்னா எரிமலையில் ஏறிய அனுபவம் அது. அந்த நூலுக்கு எழுத்து வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ, அதில்தான் இன்று நாம் பார்க்கிற உருவத்திலேயே இந்தக் குறி வருகிறது. ஆங்கிலமும் பிறகு கடன் வாங்கியதுதான். கிரேக்கர்கள் இதே உருவத்தைக் கேள்விக்குறியாக வைத்திருக்கிறார்கள், இன்றும் ஏதென்ஸ் நகரத்து நாளிதழில் கேள்வி முடிகிற இடத்தில் பார்த்தால் நம் அரைப்புள்ளி மாதிரியேதான் இருக்கும். ஒரு குறி எந்த ஊரில் பிறந்தது என்பதல்ல, அந்தந்த மொழி அதற்கு என்ன வேலை கொடுத்தது என்பதுதான் கணக்கு.

வெனிஸில் அந்த நூல் வந்து 82 வருடம் கழித்து, 1578இல், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று. தமிழ் அச்சு அங்கிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்தது. நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஊன்றியவர் என்றால் ஆறுமுக நாவலரைத்தான் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், 1822 முதல் 1879 வரை வாழ்ந்தவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பிறகு தானே அச்சுக்கூடம் வைத்துச் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர். அந்நியர் மதத்தோடு காலமெல்லாம் வாதாடிய அவரே அவர்கள் கையிலிருந்த குறிகளை எடுத்துத் தேவாரத்துக்கும் புராணத்துக்கும் உழைக்கவைத்தார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடியில் குறி மட்டுமா இல்லை, மெய்யெழுத்தின் மேல் புள்ளியே பெரும்பாலும் இருக்காது, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதால். "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்று தொல்காப்பியம் சொல்லியும் ஓலையில் அது நிலைக்கவில்லை. அச்சு வந்துதான் புள்ளிக்கு மறுவாழ்வு வந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் நாம் இன்று எழுதுகிற வடிவ வேறுபாடு வீரமாமுனிவர் செய்த திருத்தம், அவரும் இத்தாலியில் பிறந்தவர்தான். 'தேன்' என்று எழுதும்போது யாரும் இது இத்தாலிச் சரக்கு என்று இரட்டைக் கொம்பைத் தள்ளிவைப்பதில்லையே. உ.வே.சாமிநாதையர் சுவடிகளைப் பதிப்பித்த காலத்தில் மூலம் எது, உரை எது, ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதற்கே பட்ட பாட்டைப் படித்தவர்கள், குறி இல்லாமலேயே தமிழ் நன்றாகத்தான் இருந்தது என்று லேசில் சொல்லமாட்டார்கள்.

அவர் 1894இல் அச்சில் கொண்டுவந்த புறநானூற்றில் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனாருடையது. இன்றைக்குக் கையில் கிடைக்கிற பதிப்புகள் பலவற்றில் அது இப்படி இருக்கும்: "யாதும் ஊரே; யாவரும் கேளிர்; தீதும் நன்றும் பிறர்தர வாரா; நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன." உலகத்துக்கே நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகிற வரியின் நடுவில் ஓர் அரைப்புள்ளி நிற்கிறது. பூங்குன்றனார் வைத்ததல்ல அது, பதிப்பாசிரியர்கள் வைத்தது. ஆனால் எவ்வளவு கவனமாகக் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு அறிவிப்பு. கால்புள்ளி வைத்தால் சுவரில் எழுதுகிற முழக்கம். எல்லா ஊரும் என் ஊர் என்பதால் எல்லாரும் உறவா, எல்லாரும் உறவு என்பதால் எல்லா ஊரும் என் ஊரா? பாட்டு அதைச் சொல்லவில்லை, சொல்லாமல் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்திருக்கிறது. அந்தச் சாய்வைத்தான் குறி காட்டுகிறது. திருக்குறளில் பரிமேலழகர் உரையை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. "எழுத்துக்கள் எல்லாம் அகரம் ஆகிய முதலை உடையன; அதுபோல உலகம் ஆதிபகவன் ஆகிய முதலை உடைத்து." உவமைக்கும் பொருளுக்கும் நடுவில் மூச்சு விடுகிற அந்த இடத்தை அச்சுக் கோத்தவர்கள் எத்தனை தலைமுறையாகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சின்னக் குறிதானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரிப்பதற்காக 1945 ஆகஸ்ட் 8ஆம் தேதி லண்டனில் நான்கு நாடுகள் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. மனித குலத்துக்கு எதிரான குற்றம் எது என்று சொல்லும் 6ஆவது உறுப்பின் இ பிரிவில், பொதுமக்களைக் கொல்வது, அடிமையாக்குவது, நாடுகடத்துவது முதலியவை ஒரு பாதியாகவும், அரசியல், இன, மத அடிப்படையில் துன்புறுத்துவது மறுபாதியாகவும் இருந்தன. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இரண்டுக்கும் நடுவில் அரைப்புள்ளி. ரஷ்ய மூலத்தில் கால்புள்ளி. பிற்பாதியோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது: இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்ட வேறொரு குற்றத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது. அரைப்புள்ளி இருந்தால் அந்த நிபந்தனை துன்புறுத்தலுக்கு மட்டும். கால்புள்ளியானால் கொலைக்கும் சேர்த்து. இந்த ஒரு குறிக்காகவே நான்கு நாடுகளும் 1945 அக்டோபர் 6ஆம் தேதி பெர்லினில் மறுபடி கூடித் தனி உடன்படிக்கை எழுதி, அரைப்புள்ளியை எடுத்துக் கால்புள்ளியாக்கினார்கள். போருக்கு முன்பே ஜெர்மனிக்குள் யூதர்களுக்கும் அரசியல் எதிரிகளுக்கும் நடந்த கொடுமைகளை, போரோடு தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி, 1939க்கு முந்தைய செயல்களை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று பொதுவாக அறிவிக்க முடியாது என நீதிமன்றம் ஒதுக்கியது. மேலே ஒரு புள்ளி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

அதற்காக எங்கே பார்த்தாலும் இதைத் தூவச் சொல்லவில்லை. நான் அடித்ததுதான் அதிகம் என்று முதலிலேயே சொன்னேன். கல்யாணப் பத்திரிகையிலும் ஃபிளெக்ஸ் பேனரிலும் "இடம் ;" "நாள் ;" என்று போடுகிறார்கள், அது முக்கால்புள்ளியின் இடம், புள்ளிக்கு வால் முளைக்கக் கூடாது. "கலந்துகொண்டவர்கள்;" என்று போட்டுப் பெயர்களை அடுக்குவதும் அப்படியே. "மேடைக்கு வந்து; மாலை அணிந்து; உரையாற்றினார்" என்று வினையெச்சத்துக்குப் பின்னால் போடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும், எச்சம் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் கதவைச் சாத்தின மாதிரி. 'என்றும்', 'என்றும்' என்று அடுக்கும் இடத்தில் உம்மையே போதும். 'ஆனால்', 'எனவே', 'ஏனென்றால்' என்று உறவைப் பெயர் சொல்லி அழைத்துவிட்ட பிறகு அரைப்புள்ளி தப்பில்லை, பலர் போடுகிறார்கள், நான் பெரும்பாலும் முற்றுப்புள்ளியாக்கிவிடுவேன், சொல் செய்த வேலையைக் குறி இன்னொரு தடவை செய்ய வேண்டாம் என்பதால். ஒரே பத்தியில் மூன்றாவது அரைப்புள்ளி வந்தால் நின்று யோசிப்பேன், ஒன்றாவது பழக்க தோஷத்தில் விழுந்ததாக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அச்சகத்தில் இன்னும் கையால் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துகளைப் பிரித்துப் போட்டுவைக்கும் பெட்டியில், அதாவது கேஸில், கால்புள்ளி கிடக்கும் அறையில் எழுத்தெல்லாம் மழுங்கிக் கறுத்திருக்கும், 'க'வும் 'த'வும் தேய்ந்து மொட்டையாகியிருக்கும், அரைப்புள்ளி மட்டும் வாங்கி வந்த நாள் மாதிரியே பளபளவென்று இருக்கும். எங்கள் மூத்த கம்பாசிட்டர் அதில் ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துக் காட்டி, "செமிகோலன் தேயாதும்மா, எடுத்தாத்தானே தேயும்" என்று சொன்னார். அவர் சொன்ன வேதனை அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

இப்போதோ எடுப்பதற்கே கஷ்டமாகிவிட்டது. தமிழ்99 விசைப்பலகையில் ஆங்கிலத்தின் அரைப்புள்ளி இருக்கிற விசையில் 'ந' உட்கார்ந்திருக்கிறது. நியாயம்தான், நமக்கு எழுத்து அதிகம். செல்போனில் எண்களும் குறிகளும் உள்ள பக்கத்துக்குப் போய்த் தேட வேண்டும், முற்றுப்புள்ளி என்றால் இடைவெளிப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் குறி தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். என் அக்கா மகன் என்ஜினீயரிங் படிக்கிறான், சி, ஜாவா எல்லாம் எழுதுகிறான், வரி முடிவில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் நிரல் ஓடாது என்று விடிய விடியத் தேடுவான். குறி அவர்களுக்குப் பழக்கமானதுதான். தமிழில் அதற்கு என்ன வேலை என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அதுதான் குறை. 'அப்பா வந்தார்; அம்மா எழுந்து உள்ளே போனாள்' என்பதை அவனிடம் எழுதிக் காட்டி, முற்றுப்புள்ளி வைத்தும் ஒரு முறை காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு, "முதல்ல இருக்கிறதுல ஏதோ சண்டை இருக்கு சித்தி" என்றான். இலக்கணப் பாடம் எதுவும் நடத்தவில்லை, ஒரே ஒரு வரிதான் காட்டினேன்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் உதவி ஆசிரியர்களுக்கு மொழிநடைக் குறிப்பு என்று ஒன்று கொடுத்திருப்பீர்கள், அதில் 'அரைப்புள்ளி தவிர்க்கவும்' என்று ஒரு வரி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். செய்தியில் சின்னச் சின்ன வாக்கியம் நல்லது, குறுகிய பத்தியில் நீள வாக்கியம் கண்ணை அடிக்கும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் "மழை பெய்தது. குளம் நிறைந்தது. கரை உடைந்தது." என்று எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கிப் போடும்போது எதோடு எது ஒட்டுகிறது என்று வாசகர்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு இணைப்பில் கதையோ கட்டுரையோ வரும்போது எழுதியவர் வைத்த அரைப்புள்ளியை மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நின்று போனால் வைத்துக்கொள்ளுங்கள், நிற்காமல் ஓடினால் எடுத்துவிடுங்கள்.

அதற்கெல்லாம் நேரம் ஆகுமென்றால் முதலில் அந்த மின்தடைக் கட்டத்தில் மட்டுமாவது ஆரம்பியுங்கள். நகருக்கு நகர் ஓர் அரைப்புள்ளி. எங்கள் தெருவுக்கு அடுத்த முறை வரும்போது முந்தின நாள் ராத்திரியே உளுந்தை அரைத்து எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுரை.